நான்கு தையல் மிஷினும் ஒரு மாப்பிள்ளையும்

காரை முன்னால் ஓட்டுவதற்குக் கொழும்பில் எட்டு நாள் பாடம் படித்தேன். பின்னால் ஓட்டுவது ஒன்பதாம் நாள் பாடம். எட்டாம் நாள் சாயங்காலமே எனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டதால் படிப்பு அத்தோடு நின்றது. முன்னேறப் போகிறவனுக்குப் பின்னால் போகும் வித்தை எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

வேலை இதுதான். தையல் மிஷின் விற்கும் ஒரு கம்பெனி, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் கிராமங்களில் தன் மிஷினைப் பரப்ப ஆசைப்பட்டது. அங்கே குடியேறிக் கடை வைக்க ஓர் ஏஜென்ட் தேவை. கார் ஓட்ட வேண்டும், தைக்கத் தெரிந்திருக்க வேண்டும், தமிழ் பேச வேண்டும். நான் திருநெல்வேலிக்காரன். மூன்றில் கடைசி எனக்கு நன்றாகவே வரும்.

கம்பெனித் துரை ஒரு நிபந்தனை போட்டார். புறப்பட்ட மூன்றாம் நாள் தபால் கந்தோர் மூடுவதற்குள், கடைக்கு இடம் கிடைத்தது என்று தந்தி வரவேண்டும். (இலங்கையில் ஆபீஸைக் கந்தோர் என்கிறார்கள்.) வராவிட்டால் மிஷின்களோடு நான் திரும்பி வந்துவிடலாம், இரண்டாவது ஆள் தயாராக இருக்கிறார். அந்த இரண்டாவது ஆளை நானே பார்த்தேன். துரை அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் சட்டையைத் தானே தைத்திருந்தார். அதுவும் நன்றாகவே இருந்தது.

திரும்பி வர எனக்கு இடமும் இல்லை. கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் ஐந்து வருஷம் குப்பை கொட்டினேன். பகலில் துணி கிழித்துக் கொடுத்த அதே பலகையில் இரவில் பதினொரு பேரோடு படுத்தேன். வேலை கிடைத்ததும் முதலாளியின் எதிரே நின்று, மனுஷன் படுக்கிற படுக்கையா இது என்று தொடங்கி ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு அந்தக் கடை வாசலில் போய் நிற்க யாருக்கும் கால் வராது.

ஆனால் எனக்குக் கவலை இல்லை. சட்டைப் பையில் கணபதிப்பிள்ளையின் கடிதம் இருந்தது. செட்டிபாளையத்துப் போடியார் அவர்; அதாவது வயல்காரர். கொழும்புக்குச் சாமான் வாங்க வந்தபோது, சாப்பாட்டுக் கடையில் என் எதிரே உட்கார்ந்து மூன்று முறை ரசம் கேட்டு வாங்கியவர். தன் வீட்டு முன்னறை சும்மா கிடப்பதாகச் சொன்னார். ஊருக்குப் போய்க் கடிதமும் எழுதினார்: "தம்பி வரலாம். வீட்டின் முன்னறை ஆயத்தம்." அதை நான் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கம்பெனி கொடுத்தது மூன்று பேர் கைமாறிய கார். பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு நான்கு மிஷின் பெட்டிகளை ஏற்றினேன். கூரையில் என் நாடாக் கட்டில். பக்கத்தில் தகரப் பெட்டி. வருகிறவர்கள் தைத்ததைப் போட்டுப் பார்க்க ஆள் உயரக் கண்ணாடி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதைக் காரின் பின்புறம் கயிற்றால் கட்டினேன். பின்னால் வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் தங்களையே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓர் எண்ணம்.

முதல் நாள் மலையும் ரப்பரும் காடுமாகப் போயிற்று. அதை எழுதப் புகுந்தால் காருக்குத் தண்ணீர் ஊற்றிய இடங்களைத்தான் வரிசையாக எழுத வேண்டும். ஓரிடத்தில் ரோட்டு வேலை செய்த இரண்டு சிங்களவர்கள் பேசிக்கொண்டது மட்டும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் புரிந்தது. "இவன் யாருடைய வீட்டையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறான்" என்றார் ஒருவர். "ஓடவில்லையே, நடக்கிறான்" என்றார் மற்றவர். அன்றிரவு, வாடி வீடு என்று அங்கே சொல்லும் பயணியர் விடுதி ஒன்றின் வராந்தாவில், என் சொந்தக் கட்டிலில், தன்னந்தனியாகப் படுத்தேன். இரண்டு கையையும் அகல விரித்துப் பார்த்தேன். யார் மேலும் படவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலையில் ஓட்டமாவடிப் பாலத்துக்கு வந்தேன்.

அந்தப் பாலம் ஒரு விசித்திரம். ரயிலுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று கட்டாமல், ஒரே பாலத்தில் தண்டவாளத்தையும் போட்டுப் பாதையையும் போட்டுவிட்டார்கள். ரயில் வராத நேரம் பார்த்து மற்றவர்கள் போக வேண்டும். அதற்காக ஒரு காவல்காரர் கொடியோடு நிற்கிறார். அன்று சிவப்புக் கொடியைத்தான் காட்டினாராம். நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாமிரபரணி ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தால் அப்படித்தான் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பேர் வலை வீசினார்கள். வலை விரிந்து விழுந்த அழகைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், எதிரே மூக்கோடு மூக்காக இரண்டு மாடு. வைக்கோல் வண்டி. பாலம் ஒரு வண்டி அகலம்.

வண்டிக்காரர் கையை ஆட்டினார். "தம்பி, பின்னுக்குப் போங்க!"

"அண்ணாச்சி, பின்னால போகத் தெரியாது."

"என்ன தெரியா?"

"பின்னால ஓட்டத் தெரியாது. முன்னால மட்டும்தான்."

அவர் தன் மாடுகளைப் பார்த்தார். "கேட்டயா? உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். காரோடுற மனிசனுக்குத் தெரியாதாம்."

அதற்குள் காவல்காரர் கொடியோடு ஓடிவந்தார். "ரெயில் வரப்போகுது! கதைச்சிக்கிட்டு நிக்கிறீங்களே! தள்ளுங்க, சுறுக்கா!" வலை வீசிய இருவரும் ஈரச் சாரத்தோடு மேலே ஏறி வந்தார்கள். நால்வரும் காரின் மூக்கில் கை வைத்துத் தள்ள, நான் ராஜாவைப் போல் உள்ளே உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்பினேன். கார் பாலத்துக் கம்பியை நோக்கிப் போயிற்று.

"இஞ்சால கிறுக்குங்க! அங்கால இல்ல, இஞ்சால!" என்று கத்தினார் காவல்காரர். நான் அவசரமாக மறுபக்கம் திருப்பினேன். கார் மறுபக்கத்துக் கம்பியை நோக்கிப் போயிற்று.

வலைக்காரர்களில் ஒருவர் ஜன்னல் வழியே கையை விட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சும்மா இரிங்க தம்பி. அதுவே பெரிய உதவி."

கார் தரைக்கு வந்து, வண்டியும் இறங்கிப் போய்க் கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போயின. நான் ரயிலை அனுப்பிவைக்க வந்தவன் போலக் கையைக் காட்டினேன்.

சக்கரத்தைப் பிடித்த வலைக்காரரே காரின் படியில் தொற்றிக்கொண்டு, பாலத்துக்கு அப்பால் இருந்த தேத்தண்ணிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். கடைக்காரர் பெயர் காசீம். எல்லோரும் காசீம் காக்கா, அதாவது காசீம் அண்ணன், என்றார்கள். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே காரை ஒரு சுற்றுப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். தகரப் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியின் முன் நின்று தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மாஷா அல்லா. எந்த ஊருக்கு மாப்புள?"

"மாப்பிள்ளை இல்லை அண்ணாச்சி. உத்தியோகத்துக்குப் போறேன்."

"உத்தியோகத்துக்குப் போறவன் கட்டிலையும் கண்ணாடியையும் கொண்டு போவானா?" என்று கடைக்குள்ளே திரும்பிக் கேட்டார். உள்ளே ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். "மகன், எங்கட பக்கத்தில ஆம்பிள ஒராள் வீடு மாறுறதெண்டா ஒரே ஒரு அலுவலுக்குத்தான்."

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அந்தப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். பெண் பிள்ளை பிறந்தால் அவள் பேருக்கு ஒரு வீடு. தமிழரும் அப்படி, முஸ்லிம்களும் அப்படி. "நானும் வந்து ஏறின ஆள்தான். இந்தக் கட மட்டும்தான் என்ட. வீடு அவட" என்று காசீம் காக்கா கடைக்குப் பின்னால் விரலைக் காட்டினார். எங்கள் ஊரில் கட்டிலும் கண்ணாடியும் பெண்ணோடு வண்டியில் வரும். பெண் அழுதுகொண்டே வருவாள். இங்கே மாப்பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்களா என்று கேட்டேன். "போற நேரம் அழமாட்டாங்க. மறுகா அழுவாங்க" என்றார் வலைக்காரர்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். காசீம் காக்கா ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார், தயிர் விழவில்லை. அதன் தலையில் தேனை ஊற்றினார். "மாப்புளைக்கு. வெட்கப்படாமச் சொல்லுங்க, கலியாணம்தானே?"

இல்லை என்று சொன்னால் சட்டி திரும்பிப் போய்விடுமோ என்று ஒரு பயம். நான் பொய் சொல்லவில்லை. தலையைக் குனிந்து சிரித்தேன். அவ்வளவுதான்.

"எந்த ஊரு?"

"செட்டிபாளையம்."

"ஆருட வீடு?"

"கணபதிப்பிள்ளை போடியார் வீடு."

இரண்டு பதிலும் சத்தியம். அதோடு வாயில் தயிர் வேறு. வாசலில் மட்டக்களப்புக்குப் புறப்பட நின்ற பஸ்ஸின் கொண்டக்டர் அப்போதுதான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தான். "செட்டிபாளையத்துக் கணபதிப்பிள்ளைக்கா? சொல்லவே இல்லையே மனிசன்!" என்று படியில் ஏறினான். பஸ் போயிற்று. நான் சட்டியின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன்.

ஏறாவூர் தாண்டியதும் இருபுறமும் அறுவடை வயல். அங்கே வயல்வெளியை வட்டை என்கிறார்கள். பார்த்துக்கொண்டே ஒரு பள்ளத்தில் இறங்கினேன். "டங்" என்றது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் கோணியதுபோல் நின்றது. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை இரண்டாக ஒடிந்திருந்தது. நெல் மூட்டை ஏற்றிப்போன ஒருவர் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, தன் மாடுகளை அவிழ்த்து என் காரில் பூட்டினார். நான் கேட்கவில்லை, மாப்பிள்ளை வழியில் நிற்கக் கூடாது என்று அவரே பூட்டினார். பஸ் போட்டுவிட்டுப் போன செய்தி அதற்குள் வரப்பெல்லாம் முளைத்திருந்தது. இப்படியாக மட்டக்களப்பு நகருக்குள் என் மோட்டார் இரண்டு மாட்டின் பின்னால் பவனி வந்தது. நான் ஹார்ன் அடித்தேன். மாடு நின்றுவிட்டது. பிறகு அடிக்கவில்லை.

பட்டை அடித்துக் கொடுத்தவர் அன்ரன் என்ற கொல்லர். போர்த்துக்கீசர் வழியில் வந்த பறங்கியர். என்னோடு தமிழ், உள்ளே மனைவியோடு போர்த்துக்கீசு. அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து ஏதோ உரத்துச் சொன்னார். அன்ரன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு மொழிபெயர்த்தார்: "சாப்பாடு போடாம அனுப்ப வேணாமாம், மிஸ்டர். கலியாணம் கட்டப் போறவர், இனி நிம்மதியாச் சாப்பிட மாட்டாராம்."

வாவி நண்டுக் குழம்பும், பாண் என்று அங்கே சொல்லும் ரொட்டியும் வந்தன. ஒரு நண்டின் கால் என் கட்டைவிரல் மொத்தம். மூன்றாவது நண்டில் என் மனச்சாட்சி விழித்தது. எல்லாவற்றையும் அன்ரனிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. திடீரென்று நிறுத்தினார்.

"அந்தக் கணபதிப்பிள்ளைக்கு மகள் இரிக்கா?"

"தெரியாது."

"பெண்சாதிக்குச் சொல்லியிரிக்காரா?"

"எதை?"

"முன்னறைய உங்களுக்குக் குடுக்கிறத."

"அவர்தானே கடிதம் எழுதியிருக்கிறார்!"

அன்ரன் ஒரு நண்டுக் காலை எடுத்து என் தட்டில் வைத்தார், நோயாளிக்குக் கஞ்சி வைப்பது போல. "மிஸ்டர், அது அவர்ட வீடில்லையே."

அந்த அம்மாள் கைச் சாப்பாடு அருமை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அதன் ருசி தெரியவில்லை. பட்டை பழுத்து, ஆறி, பூட்டி முடிவதற்குள் மறுநாள் காலையாகிவிட்டது. மூன்றாம் நாள்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டினேன். இங்கே ரயில் இல்லை. ஆனாலும் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே போனேன். காத்தான்குடியில் தெருவெல்லாம் தறிச் சத்தம். இந்தத் துணியெல்லாம் தைக்கப்பட வேண்டியதுதானே என்று என் நெஞ்சு குதித்தது. பயத்தையும் மீறி உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பக்கம் தென்னைக்கு நடுவே கடல் மின்னுகிறது, மறுபக்கம் வாவி மின்னுகிறது, நடுவே மணல் பாதையில் நான் பாடிக்கொண்டு போகிறேன். பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திற்று. படியில் தொங்கியவன் தலையை நீட்டினான். "மாப்புள! சுறுக்கா வாங்க! சனம் காத்துக்கிட்டு இரிக்கி!"

பாட்டு நின்றது.

செட்டிபாளையத்தில் கணபதிப்பிள்ளையின் வீட்டை விசாரிக்கவே தேவைப்படவில்லை. எங்கே நூறு பெண்கள் நிற்கிறார்களோ அதுதான் வீடு. கடற்கரையில் காய்ந்த மீனை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அடுப்பில் வைத்த உலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வாசல் படலை சாத்தியிருந்தது. அதன் குறுக்கே, ஒரு கையில் அகப்பையோடு, கணபதிப்பிள்ளையின் மனைவி அன்னப்பிள்ளை நின்றார்.

"நீதானா அந்த மாப்பிள்ள?"

வழியெல்லாம் ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன். "இல்லை அம்மா, நான் மிஷின்" என்றேன்.

"மாப்பிள்ள மிசினாம் கா!" என்று ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்னப்பிள்ளை அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாம என்ட மகளுக்கு மாப்பிள்ள பாத்துப்போட்டு, அந்த மனிசன் வட்டையில போய் ஒளிச்சிரிக்காரு. ஓட்டமாவடிச் சனத்துக்குத் தெரியும், பஸ்காரனுக்குத் தெரியும், பெத்தவளுக்குத் தெரியாது! தோணி விட்டிரிக்கன், வரட்டும்!"

வயல் வாவிக்கு அக்கரையில். தோணி போய் வரும் வரை நான் காருக்குள் ஒளியலாம் என்று பார்த்தேன். கண்ணாடியில் தலை வாரிக்கொள்ளப் பெண்கள் வரிசையில் நின்றதால் கதவைத் திறக்க முடியவில்லை. கடைசியில் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "நான் மாப்பிள்ளை இல்லை அம்மா, தையல் மிஷின் கடை வைக்க வந்தவன். தயிருக்காகச் சிரித்துவிட்டேன். இதைப் படியுங்கள், உண்மை தெரியும்."

அன்னப்பிள்ளை அம்மா கடிதத்தை ஜன்னலுக்குள் கொடுத்தார். உள்ளேயிருந்து ஓர் இளம் குரல் நிறுத்தி நிதானமாகப் படித்தது: "'தம்பி வரலாம். வீட்டின் முன்னறை ஆயத்தம்.' மாப்பிள்ள எண்டு எழுதல்லம்மா. கடைக்கு அறைதான் குடுத்திரிக்கார்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். மாப்பிள்ளை என்றபோது அந்த அம்மாளுக்கு இருந்தது பாதிக் கோபம்தான்.

"அறையைக் குடுத்திட்டாரா? ஆருட அறைய?"

அந்த நேரம் பார்த்துக் கணபதிப்பிள்ளை தோணியிலிருந்து இறங்கி வந்தார். தலைப்பாகையில் வைக்கோல். கொழும்பில் மூன்று முறை ரசம் கேட்ட கம்பீரத்தைக் காணோம். என்னைப் பார்த்து, "ஆ, தம்பி... வந்திட்டீங்களா" என்றார், நான் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டவர் போல.

"இது ஆருட வீடு?" என்றார் மனைவி.

"உன்ட வீடு."

"எனக்கு மறுகா?"

"மகள்ட வீடு."

"அதில உங்கட எது?"

அவர் யோசித்தார். "குடை ஒண்டு இரிக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கச் சொன்னார்: "தம்பி, முன்னறை ஆயத்தம் எண்டுதானே எழுதின. ஆயத்தம்தான். தாறன் எண்டு எழுதல்லயே."

வெயில் மேற்கே சாய ஆரம்பித்தது. தந்திக் கந்தோர் களுவாஞ்சிக்குடியில். துரையின் அறைக்கு வெளியே அந்த நாற்காலியில் இருந்தவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொள்வது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் படலைக்கு முன்னே போய்க் கையைக் கூப்பினேன். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

"அம்மா, வீடு உங்களுடையது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எழுத வேண்டியது உங்களுக்கு. அந்தத் தப்பு என்னுடையது. இப்போது உங்களைத்தான் கேட்கிறேன். இன்றைக்கு இடம் இல்லை என்றால் எனக்கு வேலை இல்லை. போய்ப் படுக்க ஒரு பலகைகூட இல்லை."

அன்னப்பிள்ளை அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அகப்பை கொஞ்சம் தாழ்ந்தது. "என்னக் கேட்டு என்ன? அவளுக்கு எழுதின வீடு. அவளைக் கேளுங்க."

ஜன்னல் சொல்லிற்று: "முதல்ல மிசினக் காட்டச் சொல்லுங்கம்மா."

ஒரு பெட்டியை உடைத்து மிஷினை முற்றத்தில் வைத்தேன். நூறு பெண்கள் வட்டமாகக் குந்தினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைக் கவனித்ததில்லை. ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தேன். தையல் நேராகப் புறப்பட்டு, சற்று யோசித்து, வாவிக்கரைப் பக்கம் வளைந்து, திரும்பக் கடற்கரைக்கு வந்து, நூல் அறுந்து நின்றது.

"குடிச்சிரிக்கு மிசின்" என்றாள் ஒரு கிழவி.

கதவு திறந்தது. இருபது வயசிருக்கும் ஒரு பெண் வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை, மிஷினைப் பார்த்தாள். மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு மிஷின் இருந்ததாகவும், அதைத் துடைக்க மட்டுமே விட்டார்கள், தைக்க விடவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தே படித்துக்கொண்டேன் என்றும் பிறகு சொன்னாள். ஊசியைக் கழற்றினாள். நான் அதைத் திருப்பிப் போட்டிருந்தேனாம். சரியாகப் போட்டாள். நூலைக் கோத்தாள். தகப்பனாரின் தோளிலிருந்து கிழிந்த சால்வையை உருவினாள். மிதித்தாள். தையல் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடிற்று. இரண்டாவது கிழிசலுக்கும் ஓடிற்று. குந்தியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக முழங்காலில் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளின் கிழிந்த பாவாடையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லிச் சத்தம் போட்டாள்.

போடியார் மகள் சால்வையை உதறித் தகப்பனாரின் தோளில் போட்டாள். பிறகு தாயாரிடம் சொன்னாள்:

"மிசின் இரிக்கட்டும். மனிசன் இரிக்க ஏலாது."

அதுதான் தீர்ப்பு. முன்னறை மிஷின்களுக்கு. அறைக்கு ஈடாக ஒரு மிஷின் அவள் கைக்கு. தைக்கச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். நான் மிஷினைத் தொடக் கூடாது. பகலில் வரலாம், பொழுது சாயப் போய்விட வேண்டும். எனக்கும் என் கட்டிலுக்கும் கடற்கரையில் வலை போடும் கொட்டில் ஒன்றைக் கணபதிப்பிள்ளை காட்டினார். அது மட்டும்தான் அவர் அதிகாரத்தில் இருந்தது. அதுவும் அவருடைய தம்பியின் கொட்டில்.

களுவாஞ்சிக்குடிக்கு நான் ஓட்டிய ஓட்டத்தில் கோழிகள் கூரை ஏறின. தபால் மாஸ்டர் ஒரு கதவைச் சாத்தி, மறு கதவில் கை வைத்திருந்தார். "இடம் கிடைத்தது" என்று மூச்சு வாங்க எழுதிக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"செட்டிபாளையத்துக்கு வந்த மாப்பிள்ளைதானே? பொண்ணு கிடைத்தது எண்டு போடல்லயா?"

ஒரு மாதத்தில், அவள் கையிலிருந்தது போக மற்ற மூன்று மிஷினும் விற்று, மேற்கொண்டு எட்டு வந்தன. செய்தி கொழும்பு வரைக்கும் போயிருக்க வேண்டும், துரை கடிதம் எழுதினார். தொடங்கிய அன்றே ஊர்ப் பெண்களையெல்லாம் ஒருசேரக் கூட்டிய விளம்பர முறை என்ன, மற்ற ஏஜென்டுகளும் கையாள வேண்டும், விவரமாக எழுது என்று கேட்டிருந்தார். நான் மூன்று நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு முன்னறை விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன்.

"உள்ளத எழுதுங்க தம்பி" என்றார் அன்னப்பிள்ளை அம்மா. "என்ட மகள்ட பேர மட்டும் போடாதீங்க. கொழும்பில ஆர் ஆரெல்லாம் படிப்பானோ."

அப்படியே எழுதினேன். மடிக்கப் போகும்போது அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள். முழுவதும் படித்தாள்.

"தைச்சது ஆரு? படிப்பிச்சது ஆரு?"

"நீங்கள்தான்."

"அப்ப பேரப் போடுங்க. வடிவாப் போடுங்க, பெரிசா."

தாயாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். போட்டேன்: நேசம்மா, செட்டிபாளையம்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. நேசம்மா அம்மையாரைத் தையல் போதனாசிரியையாக நியமித்திருக்கிறோம். வியாபாரம் அவரால் நடப்பதாகத் தெரிவதால், இனி அவர் சொல்கிறபடி நீர் நடந்துகொள்வது நலம். என் வேலைக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று கடைசி வரியில் இருந்தது. கடைசி வரியைத்தான் நான் முதலில் படித்தேன்.

அவள் கடிதத்தை மிஷின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

"நாளைக்குக் களுதாவளைக்கு ரெண்டு மிசின் ஏத்த இரிக்கு. வெள்ளண வாங்க."

"ஓம்," என்றேன். "வாறன்."